மகளிர் குழு ஊக்குநருக்கு வேண்டிய குணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசு முன்னின்று மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைக்கத் தொடங்கியது 1989-இல், தர்மபுரி மாவட்டத்தில். அன்றுமுதல் ஊக்குநருக்கும் (குழுவை முன்னின்று நடத்தும் உறுப்பினர்) அவருக்குத் துணையான இரண்டு பிரதிநிதிகளுக்கும் தரப்படும் பயிற்சியில் பெரும்பகுதி கணக்குதான்: சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு, ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம். குணம் பற்றிய பாடம் "நேர்மை, பொறுமை, துணிவு வேண்டும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரியை மாதாந்தரக் கூட்டத்தில் எப்படிப் பழக்கமாக்குவது என்பதுதான் இங்கே உள்ளது. கணக்குகள் 15 பேர் கொண்ட, மாதம் ₹200 சேமிக்கும் குழுவை வைத்துப் போடப்பட்டவை. உங்கள் குழுவின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. நான் ஊக்குநர் ஆகலாமா?

ஆகலாம். குழு தொடங்கும்போது நன்றாகப் பேசுபவரை ஊக்குநராக்குவது வழக்கம். இரண்டாம் ஆண்டில் சிக்கலில் மாட்டும் குழுக்கள் பலவற்றுக்கு இதுவே காரணம் என்றாலும் தவறில்லை. பேச்சுத்திறமை உள்ளவர் கேள்வி வந்தால் பேசியே சமாளித்துவிடுவார். பேச்சு வராதவர் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்.

முதல் கூட்டத்திலிருந்தே செய்யக்கூடியவை நான்கு: சொன்ன நேரத்துக்கு வருவது, தன் தவணையை முதலில் கட்டுவது, பணத்தை எல்லோர் காதிலும் விழும்படி எண்ணுவது, கூட்டத்தில் கேட்டதைத் தெருவில் சொல்லாதிருப்பது. இதில் எதற்கும் மேடைப்பேச்சு தேவையில்லை. ஆறு மாதம் இவற்றைத் தவறாமல் செய்தவர் பேசும்போது, குரல் சின்னதாக இருந்தாலும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எதில் தொடங்குவது?

நேரத்தில். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் சொன்ன சொல் காக்கும் குணம் இங்கேதான் பழகும்.

கூட்டம் மாலை 4 மணி என்றால் 4 மணிக்கு எத்தனை பேர் இருக்கிறார்களோ அவர்களோடு வருகைப் பதிவை ஆரம்பித்துவிடுங்கள், ஐந்தே பேர் என்றாலும். தாமதமாக வருபவருக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்த ஐந்து பேரைத் தண்டிக்கிறீர்கள். அடுத்த மாதம் அவர்களும் 4.30-க்குத்தான் வருவார்கள். கடன் கேட்பு போன்ற முடிவு எடுக்கும் விஷயங்களை மட்டும் போதுமான பேர் வந்தபின் எடுங்கள். முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். 15 பேருக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி போதும். அடுப்பில் உலை வைக்க வேண்டியவர்களும் பால் கறக்க வேண்டியவர்களும் கூட்டத்துக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல, கூட்டம் எப்போது முடியும் என்று தெரியாததுதான்.

நூறு நாள் வேலை, நடவு, அறுவடைக் காலங்களில் நேரத்தை மாற்ற வேண்டிவரும். மாற்றலாம், ஆனால் முந்திய கூட்டத்திலேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அன்று காலையில் ஆள் விட்டுச் சொல்வது கூடாது.

பண விஷயத்தில் என்மேல் சந்தேகமே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சந்தேகம் வராமல் தடுக்க முடியாது. வந்தால் அடுத்த நிமிடமே தீரும்படி வைத்துக்கொள்ள முடியும். "என்னை நம்பமாட்டியா?" என்று கேட்பது நேர்மையானவர்களும் செய்யும் தவறு. அந்தக் கேள்விக்குப் பின் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள், சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

கூட்டத்தில் பணம் கைமாறும் முறையை இப்படி வையுங்கள். உறுப்பினர் பணத்தைத் தரும்போது தொகையை அவரே சொல்ல வேண்டும்: "சேமிப்பு இருநூறு, தவணை ஆயிரம், வட்டி தொண்ணூறு." பிரதிநிதி ஒருவர் எண்ணுகிறார், புத்தகம் எழுதுபவர் தொகையைத் திரும்பச் சொல்லி எழுதுகிறார், உறுப்பினரின் பாஸ் புத்தகத்திலும் அதே நேரத்தில் ஏற்றப்படுகிறது. "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று விடும் பாஸ் புத்தகங்களில்தான் பின்னால் சண்டை வரும். கடைசியில் மொத்தப் பணத்தையும் நடுவில் வைத்து ஊக்குநர் அல்லாத ஒருவர் எண்ணுகிறார். 15 பேரும் சேமிப்பு கட்டினால் அந்தக் கணக்கில் மட்டும் ₹3,000 இருக்க வேண்டும். அன்றைய வரவு, அன்று கொடுத்த உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்), கையிருப்பு, வங்கி இருப்பு ஆகிய நான்கு எண்களையும் உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டத்துக்குப் பின் பணம் ஊக்குநர் வீட்டில் தங்கக் கூடாது. மறுநாளே வங்கியில் கட்டுங்கள். விடுமுறை குறுக்கிட்டால் பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். வங்கிக்குப் போய்வந்ததும் கட்டிய சீட்டைப் புத்தகத்தில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டுவந்து கூட்டத்தில் சுற்றுக்கு விடுங்கள்.

மூன்று காரியங்களை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஒன்று, பணம் எடுக்கும் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது. "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு, நீங்களே பாத்துக்கங்கக்கா" என்று பிரதிநிதி வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் வாங்காதீர்கள். இரண்டு, இன்னொருவர் பெயரில் கடன் எடுத்து நீங்கள் பயன்படுத்துவது, அவர் சம்மதித்தாலும்தான். நாளை அவர் குடும்பத்தில் யாராவது கேட்டால் சம்மதத்துக்குச் சாட்சி இல்லை. மூன்று, குழுப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே சுருக்குப்பையில் போடுவது. ₹50 குறைந்தால்கூட எது எங்கே போனது என்று உங்களுக்கே தெரியாது.

வட்டிக் கணக்கை விளக்கச் சொன்னால் தடுமாறுகிறேன். அதெல்லாம் தலைமைக் குணத்தில் சேருமா?

சேரும். புரியும்படி சொல்லத் தெரியாதவரை ஏமாற்றுகிறவர் என்று நினைத்துவிடுவார்கள். ஒரே ஒரு கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

₹10,000 உள்கடன், ஒரு ரூபாய் வட்டி (மாதம் நூற்றுக்கு ₹1), பத்துத் தவணை. முதல் மாதம் அசல் ₹1,000, வட்டி ₹100. இரண்டாம் மாதம் பாக்கி ₹9,000-க்குத்தான் வட்டி, அதாவது ₹90. மூன்றாம் மாதம் ₹80. இப்படிக் குறைந்து பத்தாம் மாதம் ₹10. மொத்த வட்டி ₹550. முழுத் தொகைக்கே பத்து மாதமும் வட்டி போட்டால் ₹1,000 ஆகியிருக்கும். வித்தியாசம் ₹450.

இதைத் தரையில் பத்துக் கூழாங்கல் வைத்து, மாதத்துக்கு ஒரு கல்லாக எடுத்துக் காட்டுங்கள். கல் குறையக் குறைய வட்டி குறைவது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் கண்ணில் தெரியும். இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து வெளியே வாங்கிய கடனைக் கல் வைத்துப் பார்ப்பார்கள்; ஊக்குநரின் மரியாதை அங்கே ஒரு படி கூடும்.

ஒருவர் தொடர்ந்து தவணை கட்டவில்லை. கண்டிப்பாக இருப்பதா, இரக்கமாக இருப்பதா?

ஊக்குநரை அதிகம் சோதிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதல் தவணை தவறியதும் இரண்டு நாளுக்குள் போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள், வீட்டில் மாமியாரோ விருந்தாளியோ இல்லாத நேரமாக. "ஏன் கட்டல?" என்று ஆரம்பிக்காமல், "என்னக்கா, கூட்டத்துக்கு வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். பிறகு மூன்று விஷயம் தெரிந்துகொண்டு திரும்புங்கள்: என்ன ஆனது, இப்போது எவ்வளவு முடியும், மீதி எந்தத் தேதியில். ₹1,000 கட்ட வேண்டியவர் ₹300 தான் தர முடியும் என்றாலும் அடுத்த கூட்டத்துக்கு அதை அவர் கையாலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். தொகை முக்கியமில்லை. ஒருமுறை கூட்டத்துக்கு வராமல் ஒளிந்தவர் இரண்டாம் முறை ஒளிவது சுலபம், மூன்றாம் முறை தெருவில் பார்த்தாலே ஒதுங்குவார். அந்த ஓட்டத்தை முதல் மாதத்திலேயே நிறுத்துவதற்குத்தான் ₹300.

இரண்டாம் தவணையும் தவறினால் பிரதிநிதிகளில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மூன்றாவதும் தவறினால் விஷயம் கூட்டத்துக்கு வர வேண்டும், அவரை வைத்துக்கொண்டு. பாக்கி ₹6,000 என்றால் மாதம் ₹1,000 என்பதை ₹500 ஆக்கிப் பன்னிரண்டு தவணையாக மாற்றித் தீர்மானம் எழுதலாம். வட்டி வழக்கம்போல் உண்டு. தவணையைக் குறைப்பதும் வட்டியைத் தள்ளுவதும் குழுவின் அதிகாரம். இரக்கப்பட்டு நீங்களாகச் செய்தால் அடுத்த மாதம் நான்கு பேர் வந்து நிற்பார்கள்.

நல்ல மனசுள்ள ஊக்குநர்கள் விழும் குழி ஒன்று உண்டு: தன் கைப்பணத்தைப் போட்டு அந்தத் தவணையை ஈடுகட்டுவது. புத்தகம் சுத்தமாக இருக்கும், வங்கியும் பாராட்டும். நான்கு மாதத்தில் ₹4,000 சேர்ந்ததும் உறவு மாறிவிடும். இதுவரை உறுப்பினராகப் பார்த்தவரைக் கடன்காரியாகப் பார்ப்பீர்கள், குரல் தானாக மாறும். குழுவுக்கு உண்மை தெரியாததால் துணைக்கும் யாரும் வரமாட்டார்கள்.

முடியாமல் கட்டாதவருக்கும் மனமில்லாமல் கட்டாதவருக்கும் ஓர் அடையாள வேறுபாடு: முடியாதவர் உங்களைத் தவிர்ப்பார், மனமில்லாதவர் எதிர்த்து வாதாடுவார். "அவ மட்டும் கட்டுனாளா?" என்று வாதாடுபவர் சொல்வதை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பல நேரம் அந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையான பாரபட்சம் ஒன்று இருக்கும். புத்தகத்தைப் பாருங்கள்.

வாசலில் போய் உட்காருவது, அண்டாவைத் தூக்கிவருவது, பிள்ளைகள் முன்னால் பேசுவது எல்லாம் அறவே கூடாது. கந்துவட்டிக்காரர்களின் இதே வேலைகளைத் தடுக்கத்தான் 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அந்தக் கந்துவட்டித் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் பெண்கள் குழுவில் சேர்ந்தார்கள்.

இன்னொன்று, கடன் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: "வேற எங்கெல்லாம் தவணை போகுது?" மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. அந்த அளவுகோலை உள்கடனுக்கும் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வருமானம் ₹12,000, ஏற்கெனவே ₹5,500 தவணை என்றால் நீங்கள் தரும் புதுக் கடன் உதவியாக இருக்காது, சுமையாகத்தான் போய்ச் சேரும். இல்லை என்று சொல்லத் தெரிவதும் இரக்கம்தான்.

குழுவில் என் நாத்தனாரும் சித்தியும் இருக்கிறார்கள். நடுநிலை எப்படி?

ஒரே தெருவில் குழு அமைந்தால் உறவுக்காரர்கள் இருக்கத்தான் செய்வார்கள். மனத்துக்குள் நடுநிலையாக இருந்தால் போதாது, மற்றவர்கள் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும்.

கடனுக்கு யார் முதலில் என்ற வரிசையை யாரும் கேட்காத மாதத்தில் முடிவு செய்து எழுதிவிடுங்கள். உதாரணத்துக்கு: மருத்துவம், படிப்புக் கட்டணம், தொழில், வீட்டு வேலை, பிற, ஒரே தேவைக்கு இருவர் வந்தால் இதுவரை கடன் எடுக்காதவருக்கு முன்னுரிமை. உங்கள் கடனோ உறவினரின் கடனோ பேசப்படும்போது பிரதிநிதியிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுங்கள். வெளியே என்றால் திண்ணைக்கு அல்ல, பேச்சு காதில் விழாத தூரத்துக்கு.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, உண்மையிலேயே முறை வந்த நாத்தனாருக்குக் கடனை மறுப்பது. அதுவும் பாரபட்சமே; வரிசை எழுதியிருந்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை.

கூட்டத்தில் மூன்று பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேசவைப்பது?

முதலில் நீங்கள் வாயை மூடுங்கள். ஊக்குநர் தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "ஆமா" என்று தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போகும் வழியில்தான் நிஜமான கருத்து வெளிவரும். கேள்வியை வைத்துவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். நிரப்பாதீர்கள், யாராவது பேசுவார்கள்.

வட்டமாக உட்காருங்கள், எல்லோரும் பாயில் என்றால் நீங்களும் பாயில். ஒருவர் பேசி முடித்ததும் "நீங்க சொல்றது இதுதானே" என்று அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். அதிகம் பேசுகிறவரை "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று அடக்கினால் எதிரியாகிவிடுவார். அவருக்கு வேலை கொடுங்கள்: யார் யார் இன்னும் பேசவில்லை என்று பார்த்துச் சொல்லும் வேலை.

ஆட்சேபம் இருக்கும் என்று தோன்றினால் வாக்கெடுப்பை மறைவாக வையுங்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு மொச்சை. துணி மூடிய சொம்பில் சம்மதமென்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் மொச்சை. மிச்சத்தை வேறொரு மூடிய சொம்பில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையில் இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோபம் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

கோபம் வருவது தவறில்லை, கோபத்தோடு முடிவெடுப்பதுதான் தவறு. குழுவில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: குரல் உயர்ந்தால் அந்த விஷயத்தைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி ஒத்திவைத்து, அடுத்த விஷயத்துக்குப் போவது. மறுநாள் இரு தரப்பையும் தனித்தனியே பார்த்துவிட்டு, பிறகு சேர்த்து உட்கார வைக்கலாம். யாரையும் பேச்சில் மட்டம் தட்டியிருந்தால், தட்டிய இடத்திலேயே, அதாவது கூட்டத்திலேயே, மன்னிப்புக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் பார்த்த மற்ற பதிமூன்று பேருக்கும் அது தெரியாது.

கணக்கில் நானே தவறு செய்துவிட்டேன். சொன்னால் மரியாதை போகாதா?

அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக நீங்களே சொல்லுங்கள், மற்றவர் கண்டுபிடிக்குமுன். "போன மாசம் ₹500 குறையுது. யார் தவணைன்னு தேடிப் பாத்தேன், கிடைக்கல. எல்லாரும் பாஸ் புத்தகத்தோட ஒத்துப் பாக்கலாம்" என்று தொகையோடு சொல்ல வேண்டும். புத்தகத்தில் பழைய எண்ணின்மேல் வெள்ளை மை பூசாதீர்கள், அடித்து மேலே எழுதாதீர்கள். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போடுங்கள். பூசிமெழுகிய பக்கம் ஒன்று இருந்தால் தணிக்கை செய்கிறவர் மற்ற எல்லாப் பக்கங்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார். உறுப்பினர்களும் அப்படித்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் தலைவியாக முடியுமா?

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை விவசாயக் கூலி, பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்களைச் சேமிக்க வைத்தார். தில்லியில் விருது வழங்கும் விழாவில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எழுதுவதை இன்னொருவரிடம் விடலாம், எண்ணை விடக் கூடாது. எண்களைப் படிக்க, வங்கிச் சீட்டில் தொகையைச் சரிபார்க்க, கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாற என்று இந்த மூன்றையும் தினம் கால் மணி நேரம் பழகினால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். பள்ளிக்குப் போகும் பேத்தி இருந்தால் ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. யாரையும் எதிர்பாராமல் வெளியே போய்வர முடிந்தால்தான் மற்றதெல்லாம். இன்று அந்த இடத்தில் ஸ்கூட்டி இருக்கிறது.

வங்கி மேலாளர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

தனியாகப் போகாதீர்கள், மூவராகப் போங்கள். கூட்டமாக இருக்கும் திங்கட்கிழமையையும் மாதத்தின் முதல் வாரத்தையும் தவிருங்கள். என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை மூன்று வாக்கியமாக வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "நாங்க இன்ன குழு, 15 பேர். 8 மாசமா மாசம் ₹3,000 சேமிக்கிறோம், உள்கடன் எல்லாம் ஒழுங்கா திரும்புது. முதல் கடனுக்கு விண்ணப்பம் கொண்டுவந்திருக்கோம்." எண்ணோடு பேசினால் பயம் பாதி போய்விடும்.

விதி தெரிந்திருப்பதும் துணிவுதான். முறையாகக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், பதிவேடு என்ற ஐந்தும் (பஞ்ச சூத்திரம் என்பார்கள்) ஆறு மாதம் ஒழுங்காக நடந்திருந்தால் வங்கிக் கடன் கேட்கும் தகுதி குழுவுக்கு வந்துவிடுகிறது. ₹20 லட்சம் வரை குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மறுத்தால் சண்டை போடாமல், "என்ன காரணம்னு எழுதிக் கொடுங்க சார், குழுவுல காட்டணும்" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல மறுப்புகள் "அடுத்த வாரம் வாங்க" என்று மாறும்.

பேசிப் பழக இன்னொரு நல்ல இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி, உங்கள் தெருக் குழாயைப் பற்றியது என்றாலும் போதும்.

கூட்டத்துக்கும் வங்கிக்கும் என் கணவரே வந்து பேசுகிறார். தடுத்தால் வீட்டில் சண்டை.

வண்டியில் கொண்டுவந்து விடுவதோடு அவர் வேலை முடிந்தது. அதை நீங்கள் சொன்னால் வீட்டுச் சண்டை ஆகும். குழு சொன்னால் விதி ஆகும். "உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் உட்காரக் கூடாது, பதிவேடுகளைத் தொடக் கூடாது" என்று யார் பெயரும் இல்லாமல் ஒரு தீர்மானம் எழுதுங்கள். எல்லார் கணவருக்கும் பொருந்தும்.

வீட்டுப் பிரச்சினைகளை என்னிடம் கொட்டுகிறார்கள். எதுவரை தலையிடுவது?

கேளுங்கள், கலந்துரையாடலுக்குக் கொண்டுவராதீர்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றால், பிரதிநிதியிடமும் கணவரிடமும் கூடாது என்றுதான் பொருள். அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அவரையே அழைக்க வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நீங்களே பஞ்சாயத்து பேசப் போவது நல்லெண்ணமாக இருந்தாலும், இரவு நீங்கள் திரும்பிய பிறகு அந்த வீட்டுக்குள் இருப்பவர் அவர்தான்.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாமா?

கூட்ட நாள் சொல்ல, வங்கிச் சீட்டின் படம் போட வைத்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் பதிவாகப் போடுங்கள். தவணை தவறியவர் பெயரை ஒருபோதும் அதில் போடாதீர்கள். குழுக் கணக்குக்கு வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து என்று சொன்னாலும், தரக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது.

விழவில்லை, நீங்கள்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "மத்தவங்க செஞ்சா தப்பாயிடும்" என்ற எண்ணம் பொறுப்பு மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் கொஞ்சம் பதவி ஆசையும் கலந்திருக்கும்.

மாதம் ஒருவருக்கு ஒரு வேலை கற்றுக்கொடுங்கள். முதல் மாதம் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவர் செய்ய நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாம் மாதம் அவரே. இரண்டாம் மாதத்தில் அவர் தடுமாறும்போது பேனாவைப் பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு கூட்டத்துக்குப் போகாதீர்கள். திரும்பி வந்து பாருங்கள்: வருகைப் பதிவு இருக்கிறதா, நான்கு எண்களும் படிக்கப்பட்டனவா, பணம் வங்கிக்குப் போனதா. இதில் எது நடக்கவில்லையோ அடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியது அதுதான்.

நான் நன்றாகத்தான் நடத்துகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரையும் "நான் எப்படி?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே நல்லதாகத்தான் சொல்வார்கள். ஏதாவது மூன்று உறுப்பினர்களிடம் சாதாரணமாக, "நம்ம குழுவுல இப்ப மொத்தம் எவ்வளவு பணம் இருக்கு?" என்று கேளுங்கள். மூவரும் ஏறக்குறைய சரியாகச் சொன்னால் நன்று. "உங்களுக்குத்தான்க்கா தெரியும்" என்ற பதில் வந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது பொறுப்பை விட வேண்டும்? எப்படி?

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளர்களைச் சுழற்சியில் மாற்றுவது நல்லது. நன்றாக நடக்கும் குழுவில்தான் இது தள்ளிப்போகும்: "நீங்களே இருங்கக்கா, எங்களுக்கு என்ன தெரியும்?" அந்தப் பேச்சில் மயங்கினால் ஐந்து, பத்து ஆண்டு ஓடிவிடும், வங்கிக்கும் அதிகாரிகளுக்கும் உங்கள் முகம் மட்டுமே குழுவாகத் தெரியும்.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இதற்கு விதி இருக்கிறது: முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் குடவோலைக்கு நிற்க முடியாது, இருந்தும் கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது, அவருடைய உறவினரும்கூட. நிலமும் மனையும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களுக்கான சபை அது. விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒப்படைப்பதை ஒரே நாளில் முடிக்க முடியாது. புதியவர்களைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகல், அவர்களின் ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு வங்கியில் கையெழுத்து மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை பழைய கையெழுத்துதான் செல்லும் என்பதால், தவணை தேதிக்கு முந்திய வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பதிவேடுகள், வங்கிப் பாஸ் புத்தகம், காசோலைப் புத்தகம் (பயன்படுத்தாத இலைகளின் எண்களோடு), முத்திரை, பெட்டி, சாவி, நிலுவைக் கடன் பட்டியல், கையிருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் வரும் வங்கிக் குறுஞ்செய்தியையும் புதியவர் எண்ணுக்கு மாற்றுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பிறகு மூன்று மாதம், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். வட்டத்தில் புதிய ஊக்குநருக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பக்கத்தில் இருந்தால் எல்லோரும் அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.